கதவைத் திறப்பது தகுதியா, டாலரா?

“நன்றாகப் படி. மார்க் வாங்கு. அமெரிக்கா உன்னை இரு கை நீட்டி வரவேற்கும்!”

இப்படி ஒரு பிரசாரம் நம் ஊர்களில் பலமாக நடந்து வருகிறது. பஸ் நிலையச் சுவர்களில் விளம்பரம், கல்லூரி வாசலில் நோட்டீஸ், பெரிய ஓட்டல்களில் கல்விக் கண்காட்சி. கோட்டும் டையும் அணிந்த கனவான்கள் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து, “பணத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், பாங்கு இருக்கிறது” என்று சிரித்த முகத்தோடு சொல்கிறார்கள்.

கேட்பதற்கு இனிக்கிறது. ஆனால் நாம் ஒரு கேள்வி கேட்கிறோம். அந்தக் கதவைத் திறப்பது பிள்ளையின் தகுதியா, தகப்பனின் வீட்டுப் பத்திரமா?

“இது பணக்காரர் வீட்டு விவகாரம், நூற்பாலையில் நிற்கிறவனுக்கும் நாற்று நடுகிறவளுக்கும் இதில் என்ன?” என்று சிலர் நினைக்கலாம். அந்தக் காலம் போய்விட்டது, தோழர்களே! 2023-24 கல்வியாண்டில் அமெரிக்காவில் இருந்த இந்திய மாணவர்கள் 3,31,602 பேர். சீனாவை முந்தி இந்தியா முதலிடத்துக்கு வந்தது. அடுத்த ஆண்டு அது 3,63,019 ஆயிற்று. இவர்கள் எல்லோரும் மில் முதலாளி வீட்டுப் பிள்ளைகளா? நாட்டில் அத்தனை மில் முதலாளிகள் கிடையாது! விசைத்தறிக்காரர் மகனும், பஸ் கண்டக்டர் மகளும், இரண்டு ஏக்கர் விவசாயியின் பிள்ளையும் அந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். குடும்பத்தில் முதல் முதலாக இன்ஜினீயரிங் படித்து முடித்த பிள்ளைகள். கோட்டு அணிந்த கனவானின் கண் விழுந்திருப்பது இந்த வீடுகளின் மீதுதான்.

வாசலைத் தொடுமுன்னே வசூல்

கணக்குப் போட்டுப் பார்ப்போம். கணக்கு பொய் சொல்லாது.

1966 ஜூனில் ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள். 4 ரூபாய் 76 காசாக இருந்த டாலர் 7 ரூபாய் 50 காசு ஆனது. நாடே கொதித்தது. 2025 டிசம்பரில் அதே டாலர் 90 ரூபாயைத் தாண்டியது. 90 என்றே வைத்துக்கொள்வோம். 2025-26ல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நிர்ணயித்த கூலி நாளொன்றுக்கு 336 ரூபாய். இந்தக் கூலியை அளவுகோலாக வைத்து அளப்போம்.

மேற்படிப்புக்குப் பல சர்வகலாசாலைகள் கேட்கும் ஜி.ஆர்.ஈ. பரீட்சைக்குக் கட்டணம் சுமார் 220 டாலர். அது 59 நாள் கூலி. ஒரு சர்வகலாசாலைக்கு விண்ணப்பக் கட்டணம் 75 டாலர் என்று வைத்தால், ஆறு இடத்துக்கு மனுப் போட 450 டாலர். அது 121 நாள் கூலி. இடம் கிடைத்தபின், மாணவர் பெயரை அமெரிக்க சர்க்காரின் ஏட்டில் ஏற்ற 350 டாலர். அது 94 நாள் கூலி. விசா மனுவுக்கு 185 டாலர். அது 50 நாள் கூலி. விசா இல்லை என்று சொல்லிவிட்டாலும் இந்தப் பணம் திரும்பி வராது.

கூட்டிப் பாருங்கள். 1,205 டாலர். ரூபாயில் 1,08,450. நாட்கணக்கில் 323 நாள். நூறு நாளும் தவறாமல் வேலை கிடைத்த அதிர்ஷ்டசாலிக்குக்கூட மூன்று வருஷக் கூலி போதாது! ஆங்கிலப் பரீட்சைக்கும் விமான டிக்கெட்டுக்கும் இன்னும் கை வைக்கவில்லை. ஒரு பாடம் கூடப் படிக்கவில்லை. வாசற்படியை மிதிப்பதற்கே இவ்வளவு!

உள்ளே போனால்? சம்பளம் 30,000 டாலர், சாப்பாடு, வாடகை 18,000 டாலர் என்று வருஷத்துக்கு 48,000 டாலர் செலவாகும் ஒரு படிப்பை எடுத்துக்கொள்வோம். இதைவிட அதிகம் வாங்கும் இடங்கள் ஏராளம். இரண்டு வருஷத்துக்கு 96,000 டாலர். ரூபாயில் 86 லட்சத்து 40 ஆயிரம். பத்து சதவீத வட்டி என்று வைத்தால், வட்டி மட்டும் மாதம் 72,000 ரூபாய். அசலில் ஒரு காசு குறையாது. அந்த 336 ரூபாய்க் கூலியில் இந்த அசலைச் சேர்க்க வேண்டுமானால், ஒரு நாள் லீவில்லாமல், ஒரு வேளை சோறில்லாமல் 70 வருஷம் மண் சுமக்க வேண்டும்.

“பாங்கு இருக்கிறது” என்றாரே கனவான்! பாங்கு யாருக்கு இருக்கிறது? ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் சர்க்கார் பாங்குகள் பொதுவாகச் சொத்து ஈடு கேட்கின்றன. ஈடு இல்லாதவன் அதிக வட்டி வாங்கும் தனியார் கம்பெனியிடம் போகிறான். பெரும்பாலும் தகப்பனோ தாயோ கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்துப் போட வேண்டும். பிள்ளைக்கு வேலை கிடைக்காவிட்டால் ஜப்தி நோட்டீஸ் அமெரிக்காவுக்குப் போகாது. நம் தெருவுக்குத்தான் வரும்.

சொத்தில்லாதவன் சந்தேகப் பேர்வழி

இடம் கொடுத்த சர்வகலாசாலை ஐ-20 என்ற காகிதத்தை அனுப்ப வேண்டும். அதற்கு முன், முதல் வருஷச் செலவுக்குப் பணம் இருக்கிறது என்று பாங்குக் கணக்கைக் காட்டச் சொல்கிறது. மார்க்கைப் பார்த்தாயிற்று, பிறகு மடியைத் தடவிப் பார்க்கிறார்கள்.

அதற்குப் பிறகு விசா அதிகாரி. 1952ஆம் ஆண்டில் அமெரிக்கா இயற்றிய குடியேற்றச் சட்டத்தின் 214(பி) பிரிவு என்ன சொல்கிறது? மனுப் போடும் மாணவர் ஒவ்வொருவரும் அங்கேயே தங்கிவிட வருகிறவர் என்றே முதலில் கருத வேண்டும். இல்லை என்று நிரூபிப்பது மாணவரின் பொறுப்பு. ஊரில் என்ன பிடிப்பு இருக்கிறது, என்ன சொத்து, யார் குடும்பம் என்று எடைபோட்டு, சில நிமிஷங்களில் அதிகாரி முடிவு சொல்லிவிடுவார்.

வீடும் தோட்டமும் உள்ளவன் திரும்பி வருவான்; குடிசையில் பிறந்தவன் தங்கிவிடுவான். இதுதான் அந்தத் தராசு! நிலமில்லாத கூலியாளின் மகளுக்கு எத்தனை மார்க் இருந்து என்ன? அவளுடைய ஏழ்மையே அவளுக்கு எதிரான சாட்சியாகிவிடுகிறது.

தரகர் யாருடைய ஆள்?

“எங்கள் ஆலோசனை முற்றிலும் இலவசம்” என்கிறார்களே சில ஏஜெண்டுகள், அவர்களுக்குக் கூலி எங்கிருந்து வருகிறது? ஆள் பிடித்துக் கொடுத்தால் பல சர்வகலாசாலைகள் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் கொடுக்கின்றன. கமிஷன் கொடுக்கும் இடத்துக்குத்தான் ஏஜெண்ட் வழிகாட்டுவார். மாட்டுத் தரகனுக்கும் இவருக்கும் என்ன பேதம்? மாட்டுத் தரகன் துண்டுக்கடியில் விரல் பிடிக்கிறான். இவர் மேஜைக்கடியில் பிடிக்கிறார்.

இன்னொரு விஷயம் கேளுங்கள். சர்க்கார் உதவிப் பணம் பெறும் சர்வகலாசாலைகள், மாணவர்களைச் சேர்த்துவிடுவதற்குத் தலைக்கணக்கில் கமிஷன் கொடுக்கக் கூடாது என்று அமெரிக்காவின் சட்டமே தடுக்கிறது. ஆனால் வெளிநாட்டில் இருக்கும் அந்நிய மாணவர்களுக்கு அந்தத் தடை இல்லை! தன் பிள்ளையை விலை பேசினால் குற்றம். நம் பிள்ளையை விலை பேசினால் வியாபாரம்!

வியாபாரம் சிறியதல்ல. 2023-24ல் அந்நிய மாணவர்கள் அமெரிக்கப் பொருளாதாரத்துக்குக் கொண்டுவந்த பணம் 4,380 கோடி டாலர் என்று அந்நாட்டுக் கல்வி அதிகாரிகளின் சங்கமான நாஃப்சாவே பெருமையோடு கணக்குச் சொல்கிறது. 2008 நெருக்கடிக்குப் பிறகு மாகாண சர்க்கார்கள் மானியத்தை வெட்டின. அந்த ஓட்டையை அடைக்க முழுச் சம்பளம் கட்டும் வெளிநாட்டுப் பிள்ளைகளைத் தேடினார்கள். அமெரிக்கத் தொழிலாளியின் பிள்ளையும் தப்பவில்லை. அந்த நாட்டில் நாலு கோடிக்கு மேற்பட்டவர்கள் தலையில் சுமார் 1 லட்சத்து 60 ஆயிரம் கோடி டாலர் படிப்புக் கடன் இருக்கிறது. நம் பிள்ளையின் எதிரி அந்தப் பிள்ளையல்ல. இருவரையும் ஒரே ஆலையில் போட்டு அரைக்கிறார்கள்.

வகுப்பில்லாத சர்வகலாசாலைகள்

கலிபோர்னியாவில் டிரை-வேலி என்ற பெயரில் ஒரு சர்வகலாசாலை இருந்தது. 2011 ஜனவரியில் அதிகாரிகள் சோதனை போட்டு அதை மூடினார்கள். அங்கே சேர்ந்திருந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்தியப் பிள்ளைகள். மோசடி செய்தவரைப் பிடிக்குமுன், மாணவர்கள் சிலரின் கணுக்காலில் ரேடியோ வளையம் பூட்டினார்கள். ஆடு மாடுகளுக்கு அடையாளம் போடுவதைப் போல!

2019 ஜனவரியில் வெளியானது இதையும் மிஞ்சியது. மிச்சிகன் மாகாணத்தில் ஃபார்மிங்டன் சர்வகலாசாலை என்று ஒன்று. ஆசிரியர் இல்லை, வகுப்பு இல்லை. ஆனால் சம்பளம் மட்டும் வாங்கினார்கள். நடத்தியது யார்? அமெரிக்க சர்க்காரின் குடியேற்றப் போலீஸே! வலையில் விழுந்தவர்களில் 129 இந்தியர்கள் அந்த மாதமே காவலில் வைக்கப்பட்டார்கள். வகுப்பில்லை என்று தெரிந்தேதான் அவர்கள் சேர்ந்தார்கள் என்பது அந்த சர்க்காரின் வாதம். இருக்கட்டும். கள்ளச் சாவி வாங்குகிறவனைப் பிடிக்க, சர்க்காரே கள்ளச் சாவிக் கடை வைத்துக் காசு வாங்கிக் கல்லாவில் போடுவது எந்த ஊர் நியாயம்?

2025ல் நடந்ததையும் நினைவில் வையுங்கள். வசந்த காலத்தில் ஆயிரக்கணக்கான அந்நிய மாணவர்களின் பெயரை ஏட்டிலிருந்து அடித்தார்கள். கோர்ட்டில் வழக்குகள் குவிந்த பிறகே ஏப்ரல் இறுதியில் திரும்பச் சேர்த்தார்கள். மே 27ஆம் தேதி புதிய விசாப் பேட்டிகளுக்குத் தேதி கொடுப்பதை நிறுத்தினார்கள். ஜூனில் மீண்டும் தொடங்கியபோது, மாணவர் சமூக வலைத்தளங்களில் எழுதியதையெல்லாம் அதிகாரி பார்க்கும்படி திறந்து வைக்க வேண்டும் என்று உத்தரவு. செப்டம்பரில், எச்-1பி வேலை விசாவுக்குப் புதிதாக மனுப் போடும் முதலாளி ஒரு லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்று பிரகடனம். அமெரிக்காவுக்குள்ளேயே படித்துவிட்டு விசா மாற்றிக்கொள்கிறவர்களுக்கு இது பொருந்தாது என்ற விளக்கம் ஒரு மாதம் கழித்துத்தான் வந்தது. அந்த ஒரு மாதம் எத்தனை வீடுகளில் தூக்கம் போயிற்று! ஒரு மனிதரின் கையெழுத்தில் ஆடும் ஊஞ்சலில் நம் வீட்டுப் பத்திரத்தைக் கட்டித் தொங்கவிடச் சொல்கிறார்கள்.

போகிறவன் துரோகியா?

“அப்படியானால் அமெரிக்கா போகிற பிள்ளை துரோகி” என்று சிலர் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்கிறார்கள். அதை நாம் ஏற்கவில்லை. அறிவு எந்த நாட்டு முதலாளியின் தனிச் சொத்தும் அல்ல. தீண்டாமைக் கொடுமையில் பிறந்த அம்பேத்கர் 1913ல் நியூயார்க்கின் கொலம்பியா சர்வகலாசாலைக்குப் போனார். பரோடா சமஸ்தானம் மாதம் பதினொன்றரைப் பவுன் உதவிப்பணம் கொடுத்தது. வீட்டை அடகு வைத்துப் போகவில்லை. ஜெயப்பிரகாஷ் நாராயண் 1922ல் கப்பலேறினார். திராட்சைத் தோட்டத்தில் கூலி வேலை பார்த்தும் பாத்திரம் கழுவியும் படித்தார்.

இன்றும் அந்த நாட்டில் போராடுகிற பிள்ளைகள் உண்டு. 2022 நவம்பரில் கலிபோர்னியா சர்வகலாசாலையில் பாடம் நடத்தும் மாணவர்களும் ஆராய்ச்சியாளர்களுமாக 48,000 பேர் மோட்டார் தொழிலாளர் யூனியனின் கொடியின் கீழ் ஆறு வாரம் வரை ஸ்டிரைக் செய்து சம்பள உயர்வு வாங்கினார்கள். படித்தவனுக்கும் யூனியன்தான் கவசம்!

ஆகவே போகிற பிள்ளையைத் தடுக்க வேண்டாம். ஏமாந்து போகாமல் பார்த்துக்கொள்வோம்.

ஏஜெண்டுக்குக் காசு கொடுக்காதீர்கள். மனுவை மாணவரே நேரில் அனுப்பலாம். அமெரிக்க சர்க்காரின் எஜுகேஷன் யூஎஸ்ஏ நிலையம் சென்னையிலேயே உண்டு. பொதுவான தகவலுக்கு அங்கே கட்டணம் கிடையாது. கஷ்டத்தை எழுதிக் கேட்டால் விண்ணப்பக் கட்டணத்தை விட்டுக்கொடுக்கும் சர்வகலாசாலைகளும் உண்டு. இரண்டு வருஷ மாஸ்டர் படிப்புதான் பெரும்பாலும் கைக்காசுப் படிப்பு. விஞ்ஞானம், இன்ஜினீயரிங் டாக்டர் பட்டப் படிப்புகளில் பெரும்பாலும் சம்பளத்தைத் தள்ளி, மாத உதவிப்பணமும் தருகிறார்கள். பட்டப் படிப்பிலும் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹர்ஸ்ட் போன்ற மிகச் சில இடங்கள் வெளிநாட்டுப் பிள்ளையையும் பணம் பாராமல் தேர்ந்தெடுத்து, குறையும் பணத்தைத் தாங்களே தருகின்றன. இடம் கிடைப்பது அரிது. ஆனால் கிடைத்தால் கடன் இல்லை. உதவிப்பணம் எவ்வளவு என்று காகிதத்தில் வராமல் பத்திரத்தை எடுக்காதீர்கள். கடன் காகிதத்தில் கையெழுத்து வைக்குமுன் யூனியன் ஆபீசில் ஒருமுறை படித்துக் காட்டுங்கள்.

நம் சர்க்காரிடம் ஒரு கேள்வி

இவ்வளவும் அமெரிக்காவின் குற்றம் மட்டும்தானா? டில்லி சர்க்காரின் வெளிநாட்டுப் படிப்பு ஸ்காலர்ஷிப்பில் மொத்தம் 125 இடம். இத்தனை பெரிய நாட்டுக்கு 125! அதில் தாழ்த்தப்பட்டோருக்கு 115. நிலமற்ற விவசாயத் தொழிலாளருக்கும் பரம்பரைக் கைவினைஞருக்கும் சேர்த்து நாலே நாலு! 2025ல் தேர்வான 106 பேரில் முதலில் 40 பேருக்கே தற்காலிக உத்தரவு கொடுத்து, மற்ற 66 பேரிடம் நிதி இருந்தால் பார்க்கலாம் என்றார்கள். சிறுபான்மைப் பிள்ளைகளின் வெளிநாட்டுக் கல்விக் கடனுக்கு இருந்த வட்டிச் சலுகையை 2022-23லிருந்து நிறுத்தியே விட்டார்கள்.

நாம் கேட்பது பிச்சையல்ல. அந்த நாலு இடத்தை நானூறாக ஆக்கு! தேர்வானவருக்கு உடனே பணம் கொடு! ஏஜெண்டுகளுக்கு லைசென்சும் கணக்குத் தணிக்கையும் கொண்டு வா! அதற்கெல்லாம் மேலாக, நம் ஊர்ச் சர்வகலாசாலைகளில் காலியாகக் கிடக்கும் ஆசிரியர் இடங்களை நிரப்பு! நல்ல படிப்பு இங்கேயே கிடைத்தால், வெளிநாடு போவது பிள்ளையின் விருப்பமாக இருக்கும். வீட்டை விற்று ஓடும் கட்டாயமாக இருக்காது.

பத்திரத்தைப் பெட்டியில் பூட்டுங்கள். பிள்ளையின் தகுதியை முன்னே வைத்துக் கேளுங்கள். தனியாகப் போய்க் கெஞ்ச வேண்டாம். ஊராகச் சேர்ந்து கேளுங்கள்!