கணிப்பும் காப்பும்

"புயல் வருமென்று கணினி சொன்னது, வந்தது. பின்னர் ஏன் இத்தனை உயிர்கள் மாண்டன?" நாலந்தாவில் மாணவன் ஒருவன் என்னிடம் எழுப்பிய வினா இது.

2025 நவம்பர் இறுதியில் வந்த 'டித்வா' புயலால் இலங்கையில் 600-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். காற்றைக்காட்டிலும் பெருமழையும், அதனாற் சரிந்த மலைகளுமே பேரழிவைச் செய்தன. எமது மாத்தளை மாவட்டமும் அத்துயருக்கு விலக்கன்று.

கணினியைப் பழித்தல் முறையன்று. காற்று, வெப்பம், ஈரம் ஆகியவற்றின் இன்றைய நிலையை அளந்து, இயற்பியல் விதிகளால் நாளைய நிலையைக் கணக்கிடுவதே அதன் தொழில். தொடக்கத்திலுள்ள சிறு பிழை நாளடைவிற் பெரும்பிழையாய் வளருமென்பதை 1963-இல் எட்வர்டு லோரன்ஸ் காட்டினார். ஆதலின், ஐரோப்பிய வானிலை நடுவம் தொடக்க நிலையைச் சிறிது சிறிது மாற்றி 51 முறை கணக்கிடுகின்றது. விடைகள் ஒத்திருப்பின் நம்பிக்கை மிகும். சிதறின் ஐயம் மிகும்.

ஆயினும், அக்கணக்கு நிலத்தை ஏறத்தாழ 9 கிலோமீற்றர் அளவான கட்டங்களாகவே காணும். குன்றும் அதன் அடிவாரத்துக் குடிசையும் அங்கே ஒரே கட்டம். புயலின் வழியை அது பெரும்பாலும் சொல்லும். எந்தச் சரிவு விழும் என்று சொல்லாது.

அக்குறையை நிரப்புதல் மனிதர் கடன். "பலத்த மழை பெய்யக்கூடும்" என்னும் பொதுவுரை போதாது. "இச்சரிவில் வாழ்வோர் மாலைக்குள் இப்பள்ளிக்குச் செல்க" என்று, தோட்டத்து லயங்களில் உள்ளோர்க்கும் விளங்கும் தமிழில், இருள் சூழுமுன் உரைத்தல் வேண்டும். கணிப்புப் பொய்த்தால் ஓர் இரவின் உறக்கமே கெடும்; உரியவேளையிற் சொல்லாதொழிந்தால் ஊரே கெடும்.