சும்மா போற பிளேன் தானே?



போன மாதம் வாசிப்பு வட்டம் முடிந்து தேத்தண்ணி குடிக்கேக்க, எங்களோடு வாற ஒரு தம்பி போனில் படம் காட்டினான். ஹவாய்க் கடற்கரை. அமெரிக்க ராணுவ ரிசர்வில் சேர்ந்து ஒரு வருசம்தான். கலிபோர்னியாவின் ட்ராவிஸ் விமானப்படைத் தளத்தில் சி-17 ஏறி ஹிக்கமில் இறங்கியிருக்கிறான். டிக்கெட்டுக்கு ஒரு சதமும் இல்லை.

“சும்மா போற பிளேன் தானே அக்கா. காலியாக் கிடந்த சீட். நான் ஏறாட்டிலும் அது பறக்கும்.”

அண்டைக்கு எனக்குப் பதில் வரேல்லை. இப்ப எழுதுறன்.

முதலில் அந்த சீட்டைப் பார்ப்பம். படையின்ர சாமானும் ஆட்களும் ஏறின பிறகு மிஞ்சுற இடம் அது. வரிசையில் ஆறு வகை. பணியில் இல்லாத ரிசர்வ் ஆள் கடைசி வகை. திரும்பி வர இடம் கிடைக்கும் எண்டு உத்தரவாதம் இல்லை, கையில டிக்கெட் காசோட தான் போக வேணும். பொழுதுபோக்குக்கு வெளிநாடு போகேலாது. பெருநிலத்துக்குள்ள போகலாம், இல்லாட்டி அலாஸ்கா, ஹவாய், குவாம், புவேர்ட்டோ ரிக்கோ, வேர்ஜின் தீவுகள், அமெரிக்க சமோவா. பட்டியலை ஒருக்கா ஆறுதலா வாசியுங்கோ. இதில் ஹவாய், குவாம், புவேர்ட்டோ ரிக்கோ மூன்றும் 1898 என்ற ஒரே வருசத்தில் அமெரிக்காவின் கைக்குப் போனவை. ஹவாய் அரசைக் கவிழ்த்ததற்கு 1993இல் அமெரிக்க காங்கிரஸ் மன்னிப்புக் கேட்டது. நிலம் திரும்பவில்லை. போஹாக்குலோவாவில் குண்டு போட்டுப் பழக ராணுவம் 1964இல் எடுத்த அரச நிலத்துக்கு 65 வருசக் குத்தகை, மொத்த வாடகை ஒரு டொலர்.

எங்கட சனத்துக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. காங்கேசன்துறையில் உயர் பாதுகாப்பு வலயம் எண்டு ஆக்களைத் துரத்தின கரையில்தானே இலங்கை ராணுவம் தல்செவன ஹோட்டலைத் திறந்தது? முகாமில் கிடந்த சனம் தங்கட கிணற்றடியைப் பார்க்க ஏலாமல் இருக்க, தெற்கிலிருந்து வந்தவை அங்க கடல் குளிச்சிட்டுப் போனவை. அவையும் கெட்ட ஆக்கள் இல்லை. காலியாக் கிடந்த அறை எண்டுதான் நினைச்சிருப்பினம். தல்செவன எண்டால் நாங்கள் கொதிக்கிறம். வைக்கீக்கிக் கடற்கரையில் படையினருக்கெண்டே நிக்கிற ஹாலே கோவா ஹோட்டலில் தம்பி மூன்று இரவு தங்கினான், நாங்கள் “சூப்பர்” எண்டு சொன்னம்.

காலி சீட் எல்லாருக்கும் காலி இல்லை. 2021 ஒக்டோபரில் ஈழத்தமிழர் வந்த படகு டியாகோ கார்சியாவில் ஒதுங்கியது. சாகோஸ் மக்கள் துரத்தப்பட, அமெரிக்கா தளம் கட்டின தீவு. எங்கட ஆக்களில் பலர் அங்க கூடாரத்தில் மூன்று வருசம் கிடந்தவை. அந்தத் தடுப்பு சட்டப்படியானதா எண்டு விசாரிக்க 2024 யூலையில் நீதிமன்றம் தீவுக்குப் போக வெளிக்கிட்டது. விசாரணைக்கு வாற ஆக்களைத் தன்ர ராணுவ விமானத்தில் ஏற்ற அமெரிக்கா மறுத்தது. விசாரணை தள்ளிப்போனது. டிசம்பரில்தான் தீர்ப்பு வந்தது: தடுத்து வைத்தது சட்டவிரோதம்.

தம்பியில எனக்குக் கோவம் இல்லை. அவன் ஹவாய்க்காகச் சேரேல்லை, படிப்புக் கடனுக்காகச் சேர்ந்தவன். மாதத்தில் ஒரு வார இறுதி, வருசத்தில் இரண்டு கிழமை எண்டு சொல்லித்தான் ஆட்சேர்ப்புக்காரன் கதைப்பான். ஒப்பந்தத்தில் மொத்தம் எட்டு வருசம் எண்டு இருக்கும். 2001க்குப் பிறகு எத்தனை ரிசர்வ் ஆட்களை ஈராக்குக்கும் ஆப்கானிஸ்தானுக்கும் அனுப்பினவை எண்டதைக் கதையில் சேர்க்க மாட்டான். அந்தக் கதையை இனிப்பாக்கிறதுக்குத்தான் இந்தக் கடற்கரைப் படம். விமானம் அவன் ஏறாட்டிலும் பறந்திருக்கும், சரி. ஆனா அண்டைக்கு அந்தப் படத்தைப் பார்த்த இரண்டு பேர், ஒருத்திக்குப் பதினெட்டு வயசு, “எப்பிடிச் சேருறது?” எண்டு கேட்டவை. அவன் ஏறாமல் விட்டிருந்தால் அந்தக் கேள்வி வந்திராது.

அந்த இரண்டு பேருக்கும், கையெழுத்துப் போட யோசிக்கிற மற்றவைக்கும்: போடமுதல் இந்த மடலுக்குப் பதில் எழுதுங்கோ. ஒப்பந்தத்தை வரி வரியா இருந்து வாசிப்பம். படிப்புக் காசுக்கு வேற என்ன வழி இருக்குது எண்டும் சேர்ந்து தேடுவம். தம்பியும் வாறன் எண்டவன்.