கண்புரை அறுவைக்கு முன் விடுபடும் ஒரு சோதனை

கண்புரை அறுவைக்குச் செல்லும் ஒருவருக்கு இன்று பல சோதனைகள் செய்யப்படுகின்றன. இரத்தச் சர்க்கரை, இரத்த அழுத்தம், விழியின் நீளம், கருவிழியின் வளைவு, விழித்திரையின் நிலை என அனைத்தும் அளக்கப்பட்டுக் கோப்பில் ஏறுகின்றன. தமக்குச் சொல்லப்பட்டவற்றை நோயாளி எவ்வளவு புரிந்துகொண்டார் என்பதை மட்டும் யாரும் அளப்பதில்லை. தில்லியில் வாழும் முதிய தமிழர்களுக்கு அந்தச் சோதனையே முதன்மையானது.

கோல் மார்க்கெட் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. புதுதில்லி உருவாகிக்கொண்டிருந்த காலத்தில், 1921இல் எழுந்த பன்னிரு பக்கச் சந்தைக் கட்டடத்தைச் சுற்றி அரசு ஊழியர் குடியிருப்புகள் பெருகின. மைய அரசின் எழுத்தர்களாகவும் கணக்கர்களாகவும் வந்த தமிழ்க் குடும்பங்கள் இப்பகுதியிலும் கரோல் பாக்கிலும் வேரூன்றின. மந்திர் மார்க்கில் உள்ள தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளி அதற்குச் சான்று. மருத்துவ வசதிக்கும் குறைவில்லை. ராம் மனோகர் லோகியா மருத்துவமனையும் லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரியும் அருகிலேயே உள்ளன. மத்திய அரசு சுகாதாரத் திட்டம் 1954இல் தில்லியில்தான் தொடங்கப்பட்டது. இங்குள்ள முதியோரில் ஓய்வுக்குப் பின்னும் தில்லியிலேயே தங்கிவிட்டவர்கள் ஒரு சாரார். துணையை இழந்தபின் ஊர்வீட்டைப் பூட்டிவிட்டுப் பிள்ளைகளிடம் வந்துசேர்ந்தவர்கள் மறு சாரார். முன்னவர்க்குக் காய்கறிக் கடையில் பேரம்பேசும் இந்தி உண்டு; பின்னவர்க்கு அதுவும் இல்லை.

கண் மருத்துவம் மொழிச் சிக்கலை ஓரிடத்தில் நெடுங்காலத்துக்கு முன்பே தீர்த்துவிட்டது. எழுத்தறியாதவரின் பார்வையை அளக்க, மூன்று கால்கள் நீட்டிய ஒரு குறியைப் பல திசைகளில் அச்சிட்ட பலகை உண்டு. கால்கள் எந்தப் பக்கம் என்று கையால் காட்டினால் போதும். ஆனால் அளந்து முடித்தபின் நிகழும் ஒவ்வொன்றுக்கும் மொழி தேவை.

முதலில் நோயின் பெயர். இந்தி பேச்சுவழக்கில் கண்புரை ‘ஸஃபேத் மோதியா’. கண்நீர் அழுத்த நோய் ‘காலா மோதியா’. முன்னதில் வில்லையை மாற்றினால் பார்வை மீளும். பின்னதில் இழந்த பார்வை மீளாது. இரண்டையும் பிரித்துக் காட்டுவது ஒரு நிறப்பெயர் மட்டுமே. இரண்டு நோயும் உள்ள ஒருவருக்கு ‘மோதியா’ என்பது மட்டும் காதில் விழுந்தால், ஓர் அறுவையோடு எல்லாம் முடிந்தது என்று நம்பி, தொடர்ந்து இட வேண்டிய அழுத்தச் சொட்டுமருந்தை அவர் நிறுத்திவிடக்கூடும். ‘கல்’ என்னும் இந்திச் சொல்லும் இத்தகையதே. அது நேற்றையும் குறிக்கும், நாளையையும் குறிக்கும். எது என்பதை வினைமுற்றே தெளிவாக்கும். சொல்லைப் பிடித்துக்கொண்டு வினைவடிவைத் தவறவிடும் செவிக்கு, ‘நேற்றிலிருந்து மருந்து போடுகிறீர்களா’ என்ற கேள்வியும் ‘நாளையிலிருந்து போடுங்கள்’ என்ற அறிவுரையும் ஒன்றாகவே கேட்கும்.

அடுத்தது வில்லைத் தேர்வு. பரவலாகப் பொருத்தப்படும் ஒற்றைக் குவிய வில்லை ஒரு தொலைவுக்கு மட்டுமே தெளிவு தரும்; மற்றதற்குக் கண்ணாடி வேண்டும். பெரும்பாலோர்க்குத் தூரப்பார்வைக்கு ஏற்ப வில்லை கணிக்கப்படுகிறது. ஆனால் வாழ்நாளெல்லாம் கிட்டப்பார்வையோடு வாழ்ந்து, கண்ணாடியைக் கழற்றிவைத்துப் படித்துப் பழகியவர், அறுவைக்குப் பின் அந்த வசதியை இழப்பார். அது வேண்டுமா வேண்டாமா என்று அவரிடமே கேட்க வேண்டும். நாள்தோறும் நாளிதழை வரிவிடாமல் படிக்கும் தாய்க்காக, ‘தூரம் தெரிந்தால் போதும்’ என்று மகன் இந்தியில் விடைசொல்லிவிட்டால், அந்தத் தேர்வு மகனுடையது, கண் தாயுடையது.

உறவினரே மொழிபெயர்ப்பாளராக இருப்பதில் வேறொரு சிக்கலும் உண்டு. புராஸ்டேட் வீக்கத்துக்காகத் தரப்படும் டாம்சுலோசின் மாத்திரை, அறுவையின்போது கண்பாவையைச் சுருங்கச் செய்து கருந்திரையைத் துவளவைக்கும் என்பது 2005இல் மருத்துவ உலகுக்குத் தெரியவந்தது. மாத்திரையை நிறுத்தினாலும் அந்த விளைவு முற்றிலும் நீங்குவதில்லை. ஆனால் முன்கூட்டியே அறிந்திருந்தால் மருத்துவர் அதற்கு ஆயத்தமாக இருப்பார். இந்தத் தகவலை முதியவர் யார் வழியாகச் சொல்வது? உடன் வந்திருப்பவர் மருமகள். சிறுநீர்த் தொல்லையைப் பற்றி மருமகளின் எதிரே வாய்திறக்காத தலைமுறை அது. ‘வேறு மாத்திரை ஏதும் உண்டா’ என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்ற விடை வருகிறது. அதைப் பொய் என்று சொல்லிவிட முடியாது, அது கூச்சம்.

அறுவை அரங்கில் இந்த இடைவெளி இன்னும் கூர்மையாகிறது. இன்று பெரும்பாலான கண்புரை அறுவைகளில் கண்ணை மட்டும் மரக்கச் செய்கிறார்கள், நோயாளி விழித்திருக்கிறார். முகம் துணியால் மூடப்பட்டிருக்கும், செவிக்கருவி கழற்றப்பட்டிருக்கும், உடன் வந்தவர் வெளியே இருப்பார். ‘விளக்கைப் பாருங்கள்’, ‘கீழே பாருங்கள்’, ‘இருமல் வந்தால் முன்பே சொல்லுங்கள்’ என்பனவெல்லாம் உடனே செயலாக வேண்டிய சொற்கள். ‘ஹில்னா மத்’ என்பதில் விலக்கு முழுவதும் இறுதியில் வரும் ‘மத்’ என்னும் ஓரசைச் சொல்லில் இருக்கிறது. அது புரியாமல் தலையைத் திருப்பினால், கண்ணுக்குள் கருவி இருக்கும் அந்த நொடியில் திருத்திக்கொள்ள அவகாசமில்லை.

கருவிச் சோதனைகள் இந்த இடைவெளியை நிரப்பா. நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் 2000இல் வெளியான ஓர் ஆய்வு, 19,000க்கும் மேற்பட்ட கண்புரை அறுவைகளை ஆராய்ந்தது. வழக்கமான முன்சோதனைகளைச் செய்துகொண்ட குழுவிலும் செய்யாத குழுவிலும் மருத்துவச் சிக்கல்களின் விகிதம் ஒன்றாகவே இருந்தது. இரு குழுக்களுக்கும் பொதுவாக இருந்தவை உடல் பரிசோதனையும், நோயாளியிடம் கேட்டறிந்த உடல்நல வரலாறும். கேட்டறிவது என்பது மொழியால் நடப்பது.

ஆங்கிலக் கலைச்சொற்களுக்குத் தமிழ்க் கலைச்சொற்களை எழுதித் தந்துவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடும் என்று எண்ணுவதும் தவறு. ‘விழியக வில்லை’ என்ற சொல் பெரும்பாலான முதியோர்க்கு ஆங்கிலத்தைப் போலவே அயலானது. ‘கண்ணில் சதை வளர்ந்திருக்கிறது’, ‘புரை விழுந்திருக்கிறது’ என்பனவே அவர்கள் வழக்கு. ‘புரை முற்றட்டும்’ என்ற வழக்கில் பழைய அறுவைமுறையின் நினைவு படிந்திருக்கிறது. புரை முற்றும்வரை காத்திருப்பது ஒருகாலத்தில் மருத்துவர்களே சொன்ன அறிவுரை. இன்றைய முறையில் மிக முற்றிக் கெட்டியான வில்லையை உடைத்தெடுப்பது கடினம்; சிக்கல்களும் கூடும். பழஞ்சொல்லை அறிந்த ஒருவரே அதன் பொருள் மாறிவிட்டது என்பதை விளக்க முடியும்.

தில்லியில் வாழ்வோர் இந்தி கற்றுக்கொள்வதுதானே முறை என்று கேட்போர் உண்டு. எண்பது வயதில், பார்வை மங்கிய நிலையில் அதைக் கோருவது முறையாகாது. மேலும், இது தமிழுக்கு மட்டும் கேட்கும் சலுகையன்று. திருப்பூரில் கண்புரை அறுவைக்கு வரும் பீகாரியருக்கும் இதே உரிமை உண்டு. வங்காளத்திலிருந்து நோயாளிகள் திரளும் வேலூரில் வங்க எழுத்துப் பெயர்ப்பலகைகள் பெருகியிருப்பது, தேவை அறிந்த இடத்தில் மொழி தானே வழி காணும் என்பதைக் காட்டுகிறது. 1976இல் 11 படுக்கைகளுடன் மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, சிற்றூர்ப் பெண்களைப் பயிற்றுவித்து, அறுவைக்கு முன் நோயாளியோடு அமர்ந்து பேசுவதை ஒரு தனிப்பணியாகவே வகுத்தது. ஒப்புதல் என்பது கையொப்பம் மட்டுமன்று, போதிய விளக்கம் பெற்றபின் தருவது என்று உச்ச நீதிமன்றம் 2008இல் சமிரா கோலி வழக்கில் தெளிவுபடுத்தியது. அது தில்லியில் எழுந்த வழக்கு.

வேண்டியவை எளியவை. அரங்கில் பயன்படும் ஐந்தாறு கட்டளைகளை முந்தைய நாளே நோயாளியின் மொழியில் சொல்லி ஒத்திகை பார்க்கலாம். சொட்டுமருந்து முறையை அவரையே திருப்பிச் சொல்லச் செய்யலாம். உட்கொள்ளும் மாத்திரைகளைப் பற்றி, குடும்பத்தைச் சாராத ஒருவர் தொலைபேசி வழியே தனிமையில் கேட்கலாம். ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்திலும் தில்லிப் பல்கலைக்கழகத்திலும் மொழியியலும் இந்திய மொழிகளும் பயிலும் மாணவர்களுக்கு இது பொருளுள்ள களப்பணி. அறுவைக்கு முந்தைய படிவத்தில், இரத்தச் சர்க்கரைக்கு அடுத்த வரியில் ‘நோயாளியின் மொழி’ என்றொரு கட்டத்தைச் சேர்ப்பதற்குப் பெருஞ்செலவு எதுவும் ஆகாது.