ஓலாந்துத் தீவுகள்: மொழியும் மண்ணும்

தீவுகளுக்காக நாடுகள் பொருதிய வரலாறு பலவாம். பொருதாமல் தீர்த்துக்கொண்டவை சிலவே. அச்சிலவற்றுள் ஒன்று பால்டிக் கடலிலுள்ள ஓலாந்துத் தீவுகளின் வழக்கு. ஆறாயிரத்திற்கு மேற்பட்ட தீவுகளும் பாறைத் திட்டுகளும் கொண்ட அக்கூட்டத்தில் வாழ்வோர் இன்றும் ஏறத்தாழ 30,000 பேரே. அவர்தம் தாய்மொழி சுவீடியம்.

1809-இல் சுவீடன் உருசியாவிடம் தோற்றுப் பின்லாந்தை இழந்தபோது இத்தீவுகளும் உடன்போயின. 1917-இல் பின்லாந்து விடுதலை பெற்றது. சுவீடியம் செருமானிய மொழிக்குடியினது. பின்னியமோ அதனோடு எவ்வுறவுமில்லா உராலியக் குடியினது. புதிய நாட்டில் தம் மொழி கரைந்தொழியும் என்றஞ்சிய தீவினர், சுவீடனோடு மீண்டும் சேர விழைந்தனர். 7,000-க்கு மேற்பட்டோர் கையொப்பமிட்ட வேண்டுகோள் சுவீடிய மன்னர் ஐந்தாம் கசுத்தாவிடம் சென்றது. 1920-இல் பின்லாந்து தன்னாட்சிச் சட்டமொன்றை நீட்டியது, தீவினர் ஏற்றிலர். அவர்தம் தலைவர்களான யூலியசு சுண்டுபுலூம், காரல் பியோர்க்மன் இருவரும் நாட்டுப் பகைவரெனச் சிறைப்படுத்தப்பட்டனர். பகை முற்றவே, இங்கிலாந்து இவ்வழக்கை உலக நாடுகளின் கழகத்திடம் வைத்தது.

1921 சூன் 24-ஆம் நாள் தீர்ப்பு வந்தது. தீவுகள் பின்லாந்துக்கே உரியவாயின. தீவினரின் விருப்பம் தள்ளப்பட்டது. அது அத்தீர்ப்பின் மாசே. அதனை மறைத்தல் அறமன்று. ஆயினும் தீர்ப்பு அவ்வளவில் நிற்கவில்லை. மூன்று நாட்களில் இரு நாடுகளும் ஓர் உடன்பாட்டிற்கு வந்தன. தொடக்கப் பள்ளிகளில் பயிற்றுமொழி சுவீடியமே. அயலார்க்கு விற்கப்படும் நிலத்தை மீட்டுக்கொள்ளும் உரிமை தீவினர்க்கு உண்டு. வந்து குடியேறுவோர் ஐந்தாண்டு வாழ்ந்த பின்னரே தேர்தலிற் பங்குகொள்ளலாம். மொழியைக் காத்து மண்ணைத் திறந்து விட்டிருப்பின், ஒரு தலைமுறைக்குள் அப்பள்ளிகளில் அமரும் பிள்ளைகளே வேறாகியிருப்பர். இந்நுட்பத்தை உணர்ந்தே நிலத்தையும் மொழியையும் ஒருங்கே வைத்து எழுதினர். உறுதி பிறழ்ந்தால் கழகத்திடம் முறையிடவும் வழி வைத்தனர்.

சுவீடன் மனக்குறையோடு பணிந்தது. தன் தலைநகர்க்கு அணித்தாய தீவுகளில் பகைவர் படை தங்குமோ என்பதே அதன் பழைய அச்சம். 1856-இல் பாரிசில் உருசியா ஒப்பிய படைவிலக்கு, 1921 அக்டோபர் 20-இல் பத்து நாடுகளின் உடன்படிக்கையால் வலுப்பெற்றது. போர்க்காலத்தும் தீவுகள் நடுநிலையில் நிற்கும் என்பது அதிற் புதிது.

உறுதிக்குப் பிணைநின்ற கழகம் 1946-இல் மறைந்தது. உறுதி மறையவில்லை. 1952, 1993 ஆகிய ஆண்டுகளில் நடைமுறைக்கு வந்த தன்னாட்சிச் சட்டங்கள் தீவு மன்றத்தின் இசைவின்றி மாற்றவொண்ணாதவை. கொடியும் அஞ்சல்தலையும் பின்னர் வந்தன. 1995-இல் பின்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்திற் சேர்ந்தபோதும், தீவினர் தனியே இசைந்த பின்னரே தீவுகள் சேர்ந்தன. அயலார் நிலம் வாங்குவதன் மீதான கட்டுப்பாடு அங்கும் தனி ஆவணமாக எழுதி வைக்கப்பட்டது.