ஆடாது விட்ட பந்தயம்

டேவிஸ் கோப்பைப் பந்தயத்தின் வெற்றிப் பட்டியலில் 1974-ஆம் வருஷத்துக்கு நேரே தென்னாப்பிரிக்காவின் பெயர் காணப்படுகிறது. இரண்டாவது இடம் இந்தியாவுக்கு. ஆனால் அவ்வருஷத்து இறுதிச் சுற்றில் ஒரு பந்துகூட அடிக்கப்படவில்லை. 1900-ஆம் வருஷத்தில் ட்வைட் டேவிஸ் என்ற அமெரிக்க வாலிபர் வெள்ளிக் கிண்ணமொன்றை வைத்து ஆரம்பித்த இப்பந்தயத்தின் சரித்திரத்தில், இறுதிச் சுற்று ஆடப்படாமலே முடிந்தது அந்த ஒரு தடவைதான். ஆட மறுத்தது நமது தேசம். கோப்பை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தபோதே அதனை வேண்டாமென்று விட்டது.

அரை நூற்றாண்டுக்கு முந்திய இவ்விஷயத்தை இப்போது பிரஸ்தாபிப்பானேன் என்று நேயர்கள் கேட்கலாம். காரணம் உண்டு. 2025-ஆம் வருஷம் செப்டம்பர் 12, 13 தேதிகளில் ஸ்விட்ஸர்லாந்திலுள்ள பீல் நகரில் நமது டென்னிஸ் கோஷ்டி அந்நாட்டாரை 3-1 என்ற கணக்கில் தோற்கடித்தது. ஐரோப்பிய மண்ணில் ஓர் ஐரோப்பிய நாட்டை இந்தியா வென்று 32 வருஷங்கள் ஆகியிருந்தன. தமிழ் இளைஞரான தட்சிணேசுவர் சுரேஷ் அங்கே வெற்றியைத் தொடங்கி வைத்தார். அதற்கு மறுநாள், 14-ஆம் தேதி, துபாயில் இந்தியாவும் பாகிஸ்தானும் கிரிக்கெட் ஆடின. ஆட்டம் முடிந்ததும் நம்மவர் கைகுலுக்காமல் திரும்பினர். தேசமெங்கும் எழுந்த தர்க்கமெல்லாம் இரண்டாவது சம்பவத்தைப் பற்றியே. பகைவனென்று கருதுவோனுடன் ஆடலாமா, ஆடினால் எப்படி ஆடுவது, ஆடாவிட்டால் அதன் நஷ்டத்தை யார் ஏற்பது என்ற கேள்விகள் அன்று வீதிதோறும் அடிபட்டன. இக்கேள்விகளுக்கு 1974-ஆம் வருஷம் சொன்ன விடையை நினைவு கூர்ந்தவர்கள் மிகச் சிலரே.

டென்னிஸ் நம் நாட்டில் துரைமார்களின் கிளப்புகளில் வளர்ந்த ஆட்டம். இருந்தும் நம்மவர் அதில் வெகு சீக்கிரத்தில் தேர்ச்சி பெற்றனர். 1920-ல் லாகூரில் அகில இந்திய டென்னிஸ் சங்கம் ஏற்பட்டது. மறு வருஷமே இந்தியா டேவிஸ் கோப்பையில் இறங்கியது. முகம்மது ஸலீம், ஜேக்கப், அதர் அலி பைஸி, டீன் ஆகியோர் கொண்ட அக்கோஷ்டி முதல் வருஷத்திலேயே பிரான்ஸை வென்று, பின்னர் ஜப்பானிடம் தோற்றது. ராஜ்யம் இல்லாத ஒரு ஜனசமூகம் பந்தய மைதானத்தில் மட்டும் தனிப் பெயரோடு நின்றது! 1939-ல் கௌஸ் முகம்மது விம்பிள்டனில் கடைசி எட்டுப் பேரில் ஒருவரானார். இந்தியரில் அவரே முதல்வர்.

நம் ஜில்லாக்காரருக்கு இவ்வாட்டத்தில் ஒரு பாத்தியதையும் உண்டு. கடையத்திலிருந்து ரயிலேறினால் தென்காசி எவ்வளவு தூரம்? அத்தென்காசியைப் பூர்விகமாகக் கொண்ட குடும்பத்தில், 1937-ல் நாகர்கோவிலில் பிறந்தவர் ஸ்ரீ ராமநாதன் கிருஷ்ணன். தகப்பனார் ஸ்ரீ டி. கே. ராமநாதனே அவருக்குக் குரு. 1954-ல் விம்பிள்டனில் சிறுவர் பந்தயத்தை வென்றார். 1960-லும் 1961-லும் அங்கே பெரியோர் பந்தயத்தில் கடைசி நால்வரில் ஒருவராக நின்றார். அவரது ஆட்டத்தில் முரட்டு வேகம் கிடையாது. எதிரியின் பலத்தையே எதிரிக்கு எதிராகத் திருப்புகிற நிதானம் இருந்தது. குற்றாலத்துச் சாரலைப் போன்ற ஆட்டமென்று சொன்னால் மிகையாகாது. நனைவது தெரியாது, நனைந்து முடிந்திருக்கும்.

1962-ல் சென்னையிலேயே நடந்த மண்டலங்களுக்கிடையிலான இறுதிச் சுற்றில் மெக்ஸிகோவிடம் ஐந்துக்குப் பூஜ்யமாக நாம் தோற்றோம். அந்த மனக்குறை 1966-ல் கல்கத்தாவில் தீர்ந்தது. எதிரி பிரேஸில். நான்கு ஆட்டங்கள் முடிந்து ஆளுக்கிரண்டாக நின்றது. ஐந்தாவது ஆட்டத்தில் தாமஸ் காக் என்பவர் கிருஷ்ணனை இரண்டுக்கு ஒன்று என்று முந்தி, நான்காம் செட்டிலும் 5-2 என்று முன்னேறிவிட்டார். ஜனங்கள் எழுந்து போகத் தொடங்கும் நிலை. அங்கிருந்து கிருஷ்ணன் அந்த செட்டை 7-5 என்றும் கடைசி செட்டை 6-2 என்றும் ஜயித்தார். அவ்வருஷம் டிசம்பரில் மெல்போர்னில் ஆஸ்திரேலியாவிடம் நாலுக்கொன்றாகத் தோற்றோம் என்பது வாஸ்தவமே. ஆயினும் அந்த ஒன்று சாமான்யமானதன்று. நியூகோம், ரோச் என்ற உலகப் பிரசித்தி பெற்ற ஜோடியைக் கிருஷ்ணனும் ஜெய்தீப் முகர்ஜியும் அவர்கள் ஊரிலேயே வீழ்த்தினர்.

இனி 1974. மே மாதத்தில் கல்கத்தாவில் ஆஸ்திரேலியா எதிர்த்தது. அக்காலத்தில் டேவிஸ் கோப்பையில் சமநிலையை முறிக்கும் குறுக்கு விதி ஏதும் கிடையாது. இருவரில் ஒருவர் இரண்டு கேம் முந்தும் வரையில் செட் நீண்டுகொண்டே போகும். ஜஸ்ஜித் சிங் கில்டினனை 11-9, 9-11, 12-10, 8-6 என்று வென்றார். சென்னைச் சகோதரர்களான விஜய் அமிர்தராஜும் ஆனந்த் அமிர்தராஜும் ஆடிய ஜோடி ஆட்டத்தின் கணக்கு 17-15, 6-8, 6-3, 16-18, 6-4. அந்த ஓர் ஆட்டத்தில் மட்டும் 99 கேம்கள்! ஐந்து ஆட்டங்களையும் கூட்டினால் 327. கல்கத்தாவின் மே மாத வெயிலில் இதனை ஆடி முடித்து 3-2 என்று ஜயித்தனர். பின்பு பூனாவில் ஸோவியத் ரஷ்யாவையும் 3-1 என்று வென்றனர். மறுபுறத்தில் தென்னாப்பிரிக்கா, அமெரிக்க மண்டலத்தில் சேர்த்துக் கொள்ளப்பட்டு அதன் வழியாக முன்னேறி, ஜோஹானஸ்பர்க்கில் இத்தாலியைத் தோற்கடித்து இறுதிக்கு வந்து சேர்ந்தது. விஜய் அமிர்தராஜுக்கு அப்போது வயது 20. கோப்பை நமக்கே என்று எண்ண இடமிருந்தது. இந்திய சர்க்கார் ஆடக் கூடாதென்றது; டென்னிஸ் சங்கம் விலகியது.

தென்னாப்பிரிக்கா நமக்கு, விசேஷமாகத் தமிழருக்கு, அந்நிய விஷயமன்று. 1860-ஆம் வருஷம் நவம்பர் 16-ஆம் தேதி ‘ட்ரூரோ’ என்ற கப்பல் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் சென்று டர்பனில் இறக்கியது. நேட்டாலின் கரும்புத் தோட்டங்கள் அக்கூலிகளின் உடலில் விளைந்தவை. காந்தியடிகள் சத்தியாக்கிரகத்தை முதலில் சோதித்துப் பார்த்த பூமி அது. அங்கே அவர் பின்னே நின்று சிறை புகுந்தவர்களில் தமிழர் தொகை மிகப் பெரிது. தில்லையாடி வள்ளியம்மை சிறையில் நோயுற்று, விடுதலையான சில நாளில், 1914 பிப்ரவரி 22-ல், 16 வயதில் உயிர் நீத்தாள். கடையத்து மருமகனான பாரதியார் கடல் கடந்த நம் கரும்புத் தோட்டக் கூலிப் பெண்களின் துயரைப் பாடியதும் யாவரும் அறிந்ததே. அவர் பாடியது பிஜித் தீவைப் பற்றி எனினும், நேட்டாலின் கதையும் வேறன்று. இத்தகைய ஜனங்களின் பேரன்மாரை 1950-ஆம் வருஷத்துச் சட்டமொன்றின் பேரால் வீடு வாசலினின்று வெளியேற்றிய ராஜாங்கத்தின் கோஷ்டியோடு, வலையின் இருபுறமும் நின்று சிரித்துப் படம் பிடித்துக்கொள்வது எப்படி?

எதிர்வாதம் செய்தோரும் யோக்கியர்களே. விளையாட்டு வேறு, ராஜீயம் வேறு என்பது ஒரு வாதம். இதற்கு வெகு நேரம் செலவிட வேண்டியதில்லை. தோலின் நிறம் பார்த்து மைதானத்தின் கதவைத் திறப்பவன்தான் முதலில் ராஜீயத்தை விளையாட்டுக்குள் கொண்டு வந்தவன். நீக்ரோ ஜாதியினரான அமெரிக்க வீரர் ஆர்தர் ஆஷுக்கு அந்நாட்டுக்குள் வர 1969-லும் 1970-லும் அனுமதி மறுக்கப்பட்டது எந்த விளையாட்டு விதியின்படி?

இரண்டாவது வாதம் கனமுடையது. போய் ஆடி, அவர்களை ஜயித்துக் காட்டுவதே பதிலடி ஆகாதா என்பது. ஆஷே இவ்வழியைச் சோதித்தார். 1973-ல் அனுமதி கிடைத்ததும், பார்வையாளரை நிறம் பார்த்துப் பிரித்து உட்கார வைக்கக் கூடாதென்ற நிபந்தனையோடு ஜோஹானஸ்பர்க் சென்றார். டச்சுக்காரரான டாம் ஓக்கருடன் ஜோடிப் பந்தயத்தையும் வென்றார். அவரைக் கண்டு அங்குள்ள கறுப்புச் சிறுவர் அடைந்த பூரிப்பை அற்பமென்று நாம் கூறோம். ஆனால் அவர் திரும்பியதும் மைதானத்துக்கு வெளியே இருந்த சட்டமெல்லாம் அப்படியே இருந்தன. அதே ஆஷ் பிற்காலத்தில் பகிஷ்காரக் கட்சியைச் சேர்ந்து, 1985-ல் வாஷிங்டனில் தென்னாப்பிரிக்க ஸ்தானிகராலயத்தின் முன் மறியல் செய்து கைதானார். போய்ப் பார்த்தவரே போகக் கூடாதென்று சொல்லும்போது, போகாமலே மறுத்த நம் தீர்மானத்தை அவசரமென்று தூஷிப்பது சரியன்று. தனி மனிதர் ஒருவர் போவதற்கும் தேசத்தின் கொடியோடு ஒரு கோஷ்டி போவதற்கும் வித்தியாசமும் உண்டு. முன்னது விருந்தாளியின் வருகை. பின்னது ஒரு ராஜ்யம் மற்றொரு ராஜ்யத்தைச் சமமானதென்று ஒப்புக்கொள்வது.

ஆயினும் 1974-ஆம் வருஷத்து மறுப்புக்கு நியாயம் தந்தது இந்தத் தர்க்கங்களன்று. 1946-ல், ஆங்கில ஆதிக்கம் முற்றும் நீங்குமுன்பே, இந்தியா தென்னாப்பிரிக்காவுடன் வியாபாரத்தை நிறுத்திவிட்டது. அதே வருஷம் ஸ்ரீமதி விஜயலட்சுமி பண்டிட் தலைமையில் சென்ற கோஷ்டி இந்தியர் குறையை ஐக்கிய நாடுகள் சபையில் எழுப்பியது. முதலில் வர்த்தகன் நஷ்டப்பட்டான்; சணலும் சாக்கும் விற்ற பணம் போயிற்று. 28 வருஷங்கள் கழித்து ஆட்டக்காரன் நஷ்டப்பட்டான். பொக்கிஷத்தைப் பூட்டி வைத்துக்கொண்டு, இருபது வயதுப் பையன் கையிலிருந்த கோப்பையை மட்டும் சர்க்கார் தியாகம் செய்யவில்லை. அதனால்தான் அந்த உத்தரவுக்கு அதிகாரம் இருந்தது.

இந்த அளவுகோலைக் கொண்டு இக்காலத்தை அளந்தால் என்ன தெரிகிறது? 2025 ஆகஸ்டில் மத்திய சர்க்கார் ஒரு கொள்கையை வெளியிட்டது. பாகிஸ்தானுடன் இரு நாடுகள் மாத்திரம் மோதும் பந்தயங்கள் கூடா. பல நாடுகள் கூடும் பந்தயங்களில் ஆடலாம் என்பது அதன் சாரம். இவ்விதியை 1974-க்குப் பொருத்திப் பாருங்கள். டேவிஸ் கோப்பை பல நாடுகள் கூடும் பந்தயம். எனவே இந்தியா ஆடியிருக்கலாம்! அன்று கொள்கை பந்தயத்தின் வகையைப் பார்க்கவில்லை. பாகிஸ்தானையும் பழைய தென்னாப்பிரிக்காவையும் ஒரே தராசில் வைப்பது நமது கருத்தன்று. இரண்டு தகராறுகளின் தன்மையும் வேறு. ஆனால் மறுப்பது என்று வந்தால் வசூல் மிகுந்த ஆட்டத்துக்கு ஒரு நியாயமும், வசூல் இல்லாத ஆட்டத்துக்கு வேறொரு நியாயமும் இருக்கலாகாது. டென்னிஸ் கோஷ்டி 2019-ல் பாகிஸ்தானுக்குப் போகாமல் கஜகஸ்தானில் ஆடியது. 2024 பிப்ரவரியில் இஸ்லாமாபாத்துக்கே போய் ஆடி 4-0 என்று வென்று வந்தது. 1964-க்குப் பின் அதுவே முதல் பிரயாணம். கிரிக்கெட்டுக்கோ துபாய் மைதானம் இருக்கிறது. ஆட்டக்காரர்களைக் கைகுலுக்காதே என்று நிறுத்தி வைப்பது மலிவான விரதம். ஆடுவதானால் மரியாதையோடு ஆட வேண்டும். அல்லவெனில் 1974-ஆம் வருஷத்தைப் போல ஆடாமலே இருந்துவிட வேண்டும்.

மறுத்ததற்கு நாம் கொடுத்த விலை என்ன என்பதையும் கூற வேண்டும். விஜய் அமிர்தராஜ் மறுபடி இறுதிச் சுற்றை எட்டியபோது அவருக்கு வயது 34. அந்த 1987-ல் டில்லியில் அர்ஜெண்டினாவையும் சிட்னியில் ஆஸ்திரேலியாவையும் 3-2 என்று வென்றோம். சிட்னியின் ஐந்தாவது ஆட்டத்தில் வாலி மாஸூரை ஒரு செட்டும் விடாது தோற்கடித்தவர், கிருஷ்ணனின் குமாரர் ரமேஷ் கிருஷ்ணன். டிசம்பரில் ஸ்வீடன் தேசத்தார் கோதென்பர்க் நகரில், கூரைக்கடியில் களிமண் தளம் போட்டு நம்மை வரவேற்றனர். 5-0 என்று போயிற்று. புல்தரையில் வளர்ந்த கைகள் அங்கே என்ன செய்யும்? 1993-ல் ரமேஷும் லியாண்டர் பேயஸும் பிரான்ஸை அதன் களிமண்ணிலேயே வீழ்த்திக் கடைசி நாலு நாடுகளுக்குள் இந்தியாவைக் கொண்டு சேர்த்தனர். அதற்குமேல் நாம் ஏறவில்லை. கோப்பை இன்றளவும் இந்தியாவுக்கு வரவில்லை.

தென்னாப்பிரிக்கா 1992-ல் டேவிஸ் கோப்பைக்குத் திரும்பியது. அதற்கு முந்திய நவம்பரிலேயே, பகிஷ்காரம் நீங்கிய அந்நாட்டின் கிரிக்கெட் கோஷ்டி தன் முதல் ஆட்டத்தை ஆட வந்த ஊர் கல்கத்தா. 1974 மே மாதத்தில் 327 கேம்கள் ஆடி ஆஸ்திரேலியாவை வென்ற அதே நகரின் ஜனங்கள், வந்தவர்களுக்கு மாலையிட்டு வழியெல்லாம் ஆரவாரித்து வரவேற்றனர்.