மென்பொருளுக்கு எட்டாத 10 சதவீத வரிச் சலுகை

புது தில்லி: காப்புரிமையால் கிடைக்கும் ராயல்டிக்கு 10 சதவீத வருமான வரி மட்டுமே விதிக்கப்படும் என்று 2016 பிப்ரவரி 29-ம் தேதி பட்ஜெட் உரையில் அறிவித்தார் அப்போதைய நிதியமைச்சர் அருண் ஜேட்லி. ஆராய்ச்சியை ஊக்குவிப்பதே நோக்கம். ஆனால், நாட்டின் மென்பொருள் தலைநகரான பெங்களூருவின் நிறுவனங்களில் பெரும்பாலானவற்றுக்கு இச்சலுகை எட்டாக்கனி. இதற்குக் காரணம் வரிச் சட்டம் மட்டுமல்ல, காப்புரிமைச் சட்டமும்தான்.

கணினி நிரல் தன்னளவில் கண்டுபிடிப்பு ஆகாது என்கிறது காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவு. கருவியுடன் இணைந்து தொழில்நுட்பப் பலன் தரும் மென்பொருளுக்கு வழிவிட 2004 டிசம்பரில் அவசரச் சட்டம் முயன்றது. இடதுசாரிகளின் ஆதரவில் இயங்கிய ஐக்கிய முற்போக்குக் கூட்டணி அரசு, 2005 மார்ச்சில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தில் அந்தத் திருத்தத்தைக் கைவிட்டது. எனவே, பெரும்பாலான மென்பொருள்களுக்குப் பதிப்புரிமையே பாதுகாப்பு. வரிச் சலுகையோ காப்புரிமைக்கு மட்டும்.

காப்புரிமை பெற்றாலும் நிபந்தனைகள் பல. கண்டுபிடிப்புச் செலவில் 75 சதவீதமாவது இந்தியாவில் செய்யப்பட்டிருக்க வேண்டும். செலவுகளைக் கழிக்காமல் முழு ராயல்டிக்கும் வரி கணக்கிடப்படும். சலுகை 'உண்மையான, முதல் கண்டுபிடிப்பாளருக்கு' உரியது என்பதால், ஊழியர்களின் கண்டுபிடிப்பை எழுதி வாங்கிக்கொள்ளும் நிறுவனத்துக்கு அது பொருந்துமா என்பதே கேள்விக்குறி.

மறுபக்கம், அமெரிக்காவிலிருந்து மென்பொருள் வாங்கிய பெங்களூரு நிறுவனம் ஒன்றின் வழக்கில், 2021 மார்ச் 2-ம் தேதி உச்ச நீதிமன்றம் முக்கியத் தீர்ப்பு அளித்தது. பிரதியைப் பயன்படுத்தத் தரும் விலை பதிப்புரிமைக்கான ராயல்டி அல்ல என்று கூறி, கர்நாடக உயர் நீதிமன்றத்தின் நிலைப்பாட்டை நீதிபதி நாரிமன் தலைமையிலான அமர்வு நிராகரித்தது. இதனால், வரி ஒப்பந்தமுள்ள நாட்டின் நிறுவனம், இந்தியாவில் நிரந்தர அலுவலகம் இல்லாவிடில், அவ்விற்பனைக்கு இங்கு வருமான வரி செலுத்த வேண்டியதில்லை. அதே மென்பொருளை உருவாக்கி விற்கும் உள்நாட்டு நிறுவனம் தன் லாபத்துக்கு வழக்கமான வரியைச் செலுத்துகிறது.

இதற்காக மென்பொருள் காப்புரிமையைத் தாராளமாகத் திறந்துவிடுவது ஆபத்தான மருந்து. வழக்கு நடத்த வசதியுள்ள பெரு நிறுவனங்களிடம் சிறு நிறுவனங்கள் சிக்கிக்கொள்ளும். 2005-ல் நாடாளுமன்றம் பூட்டிய கதவு பூட்டியே இருக்கலாம். பதிப்புரிமை பெற்ற மென்பொருளுக்கும் 2016 முதல் சலுகை வரி வழங்கும் அயர்லாந்தின் வழி இருக்கிறது. கருவூலத்துக்கு இழப்பு நேரும் என்பது உண்மை. அந்த இழப்பு எவ்வளவு, பலன் யாருக்கு என்பதை வெளிப்படையாகக் கணக்கிட்டு அவையில் வைக்க வேண்டியது நிதியமைச்சகத்தின் பொறுப்பு.