பயன்பாடே பாதுகாப்பு

இங்கிலாந்தின் வடபகுதியில், யார்க்சயர் வட்டாரத்தில் உள்ள ஹாலிஃபாக்ஸ் நகரில் ‘பீஸ் ஹால்’ என்னும் பழம்பெரும் துணிச்சந்தை உள்ளது. தறியிலிருந்து அறுத்தெடுக்கும் ஏறத்தாழ 30 கெஜத் துணியை அவ்வூரார் ‘பீஸ்’ என்றனர். வீடுகளில் நெய்த கம்பளித் துணிகளை விற்பதற்காக, 1779-ஆம் ஆண்டு இச்சந்தை திறக்கப்பட்டது.

இதன் அமைப்பு எளிமையானது. ஆனால், சிந்தித்துச் செய்யப்பட்டது. நடுவே பரந்த முற்றம். நாற்புறமும் தூண்கள் தாங்கும் தாழ்வாரங்கள். அவற்றை ஒட்டி 315 சிறிய அறைகள். நிலம் சரிவானது என்பதால், மேற்கில் இரண்டு தளங்களும் கிழக்கில் மூன்று தளங்களும் எழுப்பப்பட்டன. அறைகளின் கதவும் சன்னலும் முற்றத்தை நோக்கியே இருந்தன. வணிகர் தாழ்வாரத்தில் நடந்தபடியே பலரது துணியையும் பார்த்து, ஒப்பிட்டு வாங்கலாம்.

பின்னர் ஆலைகள் பெருகின, கைத்தறி நலிந்தது. துணிச்சந்தை 1871-இல் காய்கனி மொத்தச் சந்தையாக மாறியது. ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்குப்பின் அச்சந்தையும் வெளியேறியபோது, கட்டடத்தை இடிப்பதா, காப்பதா என்ற கேள்வி எழுந்தது. நல்வேளையாக அது தப்பியது. ஏறத்தாழ 19 மில்லியன் பவுண்டு செலவில் புதுப்பிக்கப்பட்டு, 2017-இல் மீண்டும் திறக்கப்பட்டது.

பழைய சந்தைக்கு இவ்வளவு செலவு தேவையா எனச் சிலர் கேட்கலாம். அக்கேள்வியில் நியாயம் உண்டு. பராமரிப்புச் செலவும் ஆண்டுதோறும் தொடரும். எனினும், புதிய கட்டடத்தை எங்கும் எழுப்பலாம். நெசவாளரின் பிழைப்புக்கேற்ப உருவான இக்கட்டடத்தை இடித்துவிட்டால் மீண்டும் பெற முடியாது. மேலும், அது வெறும் காட்சிப்பொருளாக நிற்கவில்லை. அன்று துணி விற்ற அறைகளில் இன்று கடைகளும் உணவகங்களும் இயங்குகின்றன. முற்றத்தில் இசை நிகழ்ச்சிகள் நடைபெறுகின்றன.

ஆயினும், சுவர்களையும் தூண்களையும் காப்பது மட்டும் போதாது. ஓரிரண்டு துணிகளை நெய்தவரும் பெருவணிகரும் சந்தித்த இடம் அது. வாடகை உயர்ந்து, சிறு வணிகர் நுழைய முடியாத நிலை வந்தால், கட்டடம் நிலைத்தாலும் அதன் நோக்கம் மறைந்துவிடும். ஆகவே, மரபுக் கட்டடங்களைப் புதுப்பிப்போர், ‘இக்கட்டடம் யாருக்காகக் கட்டப்பட்டது?’ என்று முதலில் கேட்க வேண்டும். எளியோருக்கும் இடமளிக்கும்போதுதான் அந்தப் பணி நிறைவுபெறும்.